ஓணத்துக்குள் வீட்டை விற்றே ஆக வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 63. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் 12 சென்ட் மனையில் அப்பா 1988-ல் கட்டிய வீடு இருக்கிறது. பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். நான், அக்கா, துபாயில் வேலை பார்க்கும் தம்பி ஆகிய மூவரே வாரிசுகள். அக்கா தனக்குப் பங்கு வேண்டாம் என்கிறார். 60 லட்சத்துக்கு ஒருவர் கேட்கிறார். ஓணத்துக்குள் விற்றுவிட்டு, கோவையில் மகள் வீட்டருகே ஒரு ஃபிளாட் வாங்க நினைக்கிறேன். பெயின்ட், டைல்ஸ் என்று நான்கு லட்சம் செலவழித்தால் விலை ஏறும் என்கிறார் தரகர். செய்யலாமா? வரி எவ்வளவு வரும்?

பதில்: டீச்சர், அந்த நான்கு லட்சத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். ஒழுகும் இடத்தை அடைத்துவிடுங்கள், வயரிங் பழுதாக இருந்தால் மாற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். உங்கள் ஊரில் 1988-ல் கட்டிய வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை கொடுக்கிறார். நீங்கள் ஒட்டும் டைல்ஸை அவரே பெயர்த்துவிடுவார். பெயின்ட் செலவை வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

வேலை இருப்பது காகிதத்தில். கரம் (நிலவரி) அடைத்த ரசீது இன்னும் அப்பா பெயரில் வருகிறதா? வந்தால், முதலில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று. அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபத்துக்கு அவகாசம் கொடுத்த பிறகே அது கைக்கு வரும். அடுத்து வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு, அதாவது பட்டாப் பெயர் மாற்றம். அதோடு, அடிப்படை வரிப் பதிவேட்டில் உங்கள் மனை ‘புரயிடம்’ (வயல் அல்லாத மனை) என்று இருக்கிறதா, ‘நிலம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘நிலம்’ என்றால் நெல்வயல் கணக்கு. வீடு கட்டி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் அங்கே குறுக்கே வரும். வகைமாற்ற விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் சந்தேகம். சித்தூர் தாலுகாவில் வாய்க்கால் பாசனத்தை ஒட்டிய பல மனைகளுக்கு இந்தத் தொல்லை உண்டு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அக்காவின் வாய்வார்த்தை பதிவு அலுவலகத்தில் செல்லாது. மனதார வேண்டாம் என்றால் உங்கள் இருவர் பெயருக்கும் ஒழிமுறி ஆதாரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்) எழுதிப் பதிய வேண்டும். அதற்கு முன் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். 60 லட்சம் என்ற தொகை காதில் விழுந்த பிறகு மருமகன்களுக்குக் கருத்து மாறுவது உண்டு.

இனி வரி. பெற்றோர் வழி வந்த சொத்து என்பதால் அவர்கள் வைத்திருந்த காலமும் சேரும். எனவே விற்பதில் வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். 2001-க்கு முந்தைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு இந்தியாவில் வசிப்பவர் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு, குறைவான வரியைக் கட்டலாம். ஒன்று, பணவீக்கக் குறியீடு (பழைய அடக்கவிலையை விலைவாசிக்கேற்ப உயர்த்தும் எண்) இல்லாமல் 12.5 சதவீதம், மற்றது, குறியீட்டோடு 20 சதவீதம்.

2001 மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் ஆதாயம் 50 லட்சம், வரி 6.25 லட்சம். இரண்டாவது வழியில், 2025-26-க்கான குறியீட்டு எண் 376-ஐ (2001-ல் 100) வைத்துப் பார்த்தால், அடக்கவிலை 37.6 லட்சமாகிறது, ஆதாயம் 22.4 லட்சம், வரி 4.48 லட்சம். அதே மதிப்பு 6 லட்சம்தான் என்றால் முதல் வழியில் 6.75 லட்சம், இரண்டாவதில் சுமார் 7.49 லட்சம். (செஸ் தனி.) ஏழு லட்சத்தைச் சற்றுத் தாண்டும் இடத்தில் தராசு மாறிவிடுகிறது. ஆகவே தரகருக்குக் கொடுக்கும் கவனத்தை அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளருக்குக் கொடுங்கள். கேரளத்தில் நியாய விலைப் பட்டியல் (அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) 2010-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 2001-ல் உங்கள் பகுதியில் பதிவான ஆதாரங்களின் (கிரயப் பத்திரங்களின்) நகல்களை வைத்தே அவர் அறிக்கை எழுத வேண்டும்.

அக்கா விலகிவிட்டால், இதில் பாதிதான் உங்கள் வரி. மறுபாதி தம்பியுடையது, அவர் கணக்கு வேறு. வெளிநாட்டில் வசிப்பவருக்குக் குறியீட்டு வழி கிடையாது, 12.5 சதவீதம் மட்டுமே. அதோடு அவர் பங்குக்கு வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாததால், வழக்கமாக 30 லட்சம் முழுவதற்கும் பிடிப்பார், செஸ்ஸோடு 3.9 லட்சம் முடங்கும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமானவரித் துறையிடம் தம்பி முன்கூட்டியே வாங்கிவிட்டால் இது தவிரும். அது வரும் வரை கராரில் (விற்பனை ஒப்பந்தத்தில்) தேதி போடாதீர்கள், அட்வான்ஸும் வாங்காதீர்கள். தம்பி நேரில் வர முடியாவிட்டால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வரி கட்டிவிட வேண்டும்.

கேரளத்தில் முத்திரை வரி 8, பதிவுக் கட்டணம் 2, ஆக 10 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுகிறது. அதனால் ‘ஆதாரத்தில் 40 போடுவோம், மீதி ரொக்கம்’ என்று கேட்பார். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. அந்தப் பணத்தைக் கோவை ஃபிளாட்டுக்குக் கணக்கில் காட்டவும் முடியாது. மறுத்துவிடுங்கள்.

ஃபிளாட் விஷயத்தில் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்றபின் இரண்டு ஆண்டுக்குள்ளோ வீடு வாங்கி, ஆதாயத் தொகையை அதில் போட்டால் வரியே வராது. மொத்த விற்பனைத் தொகையையும் போட வேண்டியதில்லை. ஆனால் புது வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் சலுகை பறிபோகும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வாங்கி முடிக்காவிட்டால், மீதிப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும்.

அதனால்தான் தேதி முக்கியம். மார்ச்சில் பதிந்தால் நான்கே மாதத்தில் ஜூலை 31 வந்து நிற்கும். ஏப்ரலில் பதிந்தால் அடுத்த ஆண்டு ஜூலை வரை ஃபிளாட் பார்க்கலாம். 60 வயதைக் கடந்த, தொழில் வருமானம் இல்லாத உங்களுக்கு முன்கூட்டிய வரித் தவணையும் கிடையாது. இந்த ஓணத்தை அந்த வீட்டிலேயே கொண்டாடுங்கள். தை பிறந்ததும் விலை பேசுங்கள், ஏப்ரலில் பதியுங்கள். இப்போது கேட்பவர் அதுவரை காத்திருக்க மாட்டேன் என்றால் போகட்டும். போக்குவரவு முடிந்து, காகிதமெல்லாம் சரியாக இருக்கும் வீட்டுக்கு வேறு ஆள் வருவார்.