கிளிப் கடித்த கிட்டார்

கேள்வி (கோவை வாசகர்): என்னுடையது கிப்ஸன் ஜே-45. சுருதி பார்க்க கிட்டாரின் தலைப்பகுதியில் (ஹெட்ஸ்டாக்) கவ்வவிடும் கிளிப் டியூனரைக் கழற்றாமல் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால், டியூனர் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு சதுரம், தொட்டால் பிசுபிசுக்கிறது. கிளிப் ஒன்றும் அவ்வளவு இறுக்கமில்லையே?

பதில்: இறுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிளிப்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற மெத்தைதான் வேலையைக் காட்டியிருக்கிறது. உங்கள் கிட்டாரின் மேல் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். பெயின்ட் கடையில் என்.சி. லேக்கர் என்று கேட்டால் தருவார்களே, அந்த வகை. 1920களில் கார்களுக்குப் பூச வந்து, பிறகு கிட்டார் பட்டறைகளுக்குள் நுழைந்தது. தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே இது காய்கிறது. எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும், ஏற்ற கரைப்பான் பட்டால் மறுபடி இளகிவிடும்.

அந்தக் கரைப்பான் மெத்தைக்குள்ளேயே இருக்கிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். அதை மெத்தென்று ஆக்க, தாலேட் போன்ற எண்ணெய்ப் பசையான மென்மையாக்கிகளைக் கலக்கிறார்கள். இவை பி.வி.சி.யோடு பிணைவதில்லை, ஊறி நிற்கின்றன, அவ்வளவுதான். பக்கத்தில் லேக்கர் கிடைத்தால் மெல்ல அதற்குள் இறங்கும். மூடிய பெட்டியும் வெயில்காலமும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். ரப்பர் மெத்தை என்றால் பழுப்புக் கறையும் விழலாம். அது பூச்சுக்குள்ளேயே ஊறிய கறை, துடைத்தால் போகாது.

இப்போது செய்ய வேண்டியது: பிசுபிசுப்பு இருக்கும்வரை துணியோ விரலோ அங்கே படக் கூடாது. இளகிய லேக்கரைத் தேய்த்தால் துணியின் இழை அதில் பதிந்து, சின்னக் காயம் பெரிய காயமாகும். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து, நேர் வெயில் படாத, காற்றோட்டமான அறையில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். லேசான பாதிப்பு என்றால் பூச்சு பெரும்பாலும் மீண்டும் இறுகிவிடும். இறுகியபின், மென்மையான பருத்தித் துணியில் சில துளி நாஃப்தா (சிகரெட் லைட்டருக்கு ஊற்றுவது) விட்டு மேலாகத் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. காய்ந்த லேக்கரை நாஃப்தா கரைக்காது. அதன் பிறகும் மங்கல் தெரிந்தால் மிக நைஸான பாலிஷிங் காம்பவுண்டால் விரல் நுனியளவு இடத்தை மட்டும் தேயுங்கள். பள்ளம் விழுந்திருந்தாலோ கறை நின்றாலோ கிட்டார் பழுது பார்ப்பவரிடம் போவதே மேல். மொத்தப் பூச்சே ஏறக்குறைய 0.1 மி.மீ. தான், உப்புத்தாள் நாலு இழுப்பில் மரத்தைத் தொட்டுவிடும்.

கார் பாலிஷ் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அதில் சிலிக்கோன் எண்ணெய் இருந்தால், பின்னாளில் புது லேக்கர் பூசும்போது அங்கங்கே ஒட்டாமல் விலகி, மீன் கண் போல வட்ட வட்டமாய்க் குழி விழும்.

கேள்வி (மதுரை வாசகர்): என் கிட்டாரில் எந்தப் பூச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் மாடல் பெயரைத் தேடுங்கள், தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். டெய்லர் நிறுவனம் 1990களிலிருந்து புற ஊதாக் கதிரில் இறுகும் பாலியெஸ்டருக்குப் போய்விட்டது. பெரும்பாலான விலை மலிவான கிட்டார்களில் இருப்பது பாலியெஸ்டர் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்). இவை வேதிவினையால் இறுகுபவை. மெத்தைக்கு எளிதில் அசைந்துகொடுக்காது. கவலைப்பட வேண்டியவர்கள் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்) வைத்திருப்பவர்களும், பிரெஞ்சு பாலிஷ் (அரக்குப் பூச்சு) போட்ட கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்களும்தான்.

பெயர் தெரியாத பழைய கிட்டார் என்றால், டிரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) மூடியைக் கழற்றி, அதன் அடியில் மறைந்திருக்கும் பூச்சில் சோதிக்கலாம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஸ்பிரிட். அதற்கே பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். இளகாவிட்டால் ஒரு சொட்டு அசிட்டோன். அதற்கு இளகினால் நைட்ரோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் பாலியெஸ்டர் அல்லது பி.யு. தொட்டு எடுப்பதோடு நிறுத்துங்கள், தேய்க்காதீர்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): கிளிப்புக்கு அடியில் துணி வைத்தால் போதுமா?

பதில்: ஒரு கச்சேரி நேரத்துக்குப் போதும், ஒரு ராத்திரிக்குப் போதாது. மென்மையாக்கி பருத்தியையும் ஊடுருவி வரும். ஸ்டாண்ட் கொக்கிகளில் பழைய சாக்ஸ் மாட்டி வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: ரப்பரைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணி மாதக்கணக்கில் ஊறியபின் தானே கறை போடும்.

இன்னும் உறுதியான வழி வேண்டுமென்றால், குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை மெத்தையின் மேல் நான்கைந்து சுற்று சுற்றி, அதன் மேல் சாயம் போடாத பருத்தித் துணியைத் தையுங்கள். டெஃப்லான் மட்டும் இருந்தால் கிளிப் வழுக்கும். சாயத் தோலும் வேண்டாம், வியர்வை பட்டால் நிறம் இறங்கும். ‘சிலிக்கோன்’ என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி நைட்ரோ மேல் விட்டுவைக்காதீர்கள்.

ஹெட்ஸ்டாக்கைக் கடிக்காத டியூனரே மேல் என்பது எங்கள் கட்சி. கிளிப் டியூனர் அதிர்வைப் பிடித்துத்தான் சுருதி சொல்கிறது, எனவே அது பூச்சின் மேல்தான் உட்கார வேண்டும் என்றில்லை. டியூனிங் கீயின் உலோகத் திருகிலேயே பொருத்துகிற சிறு வகைகள் உண்டு. அமைதியான அறை என்றால் மைக்கில் கேட்டுச் சொல்லும் டியூனரோ கைப்பேசிச் செயலியோ போதும், கிட்டாரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகி): கால் மணைக்குப் பதில், கிட்டாரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அதைத் தொடை மேல் உயர்த்திப் பிடிக்கும், சக்‌ஷன் கப் வைத்த சப்போர்ட்டைப் பயன்படுத்துகிறேன். பிரெஞ்சு பாலிஷ் போட்ட கிட்டார். ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். மணிக்கணக்கில் ஒட்டிக் கிடந்த கப்பை வெடுக்கென்று இழுத்தால் அரக்குப் பூச்சு அதோடு உரிந்து வரலாம். வாசித்து முடித்ததும் கழற்றுங்கள்; கப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கிக் காற்றை உள்ளே விட்டபின் எடுங்கள். ஒட்டுவதற்கு முன் எச்சில் தொட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், ஈரம் பட்டால் அரக்கு வெளுக்கும். கப்புக்கு அடியில் ஒட்ட விற்கும் தெளிவான வினைல் தாள் ஒரு தற்காலிக உதவி, அதுவும் பி.வி.சி.தான், ஆகவே அதையும் அன்றன்றைக்கே உரித்துவிடுங்கள். தொடை மேல் வைக்கும் மெத்தைக்கு மாற முடிந்தால் தொல்லையே இல்லை.

கேள்வி (சென்னை வாசகர்): கேப்போவை (சுருதி ஏற்றத் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) ஹெட்ஸ்டாக்கில் மாட்டி வைக்கலாமா?

பதில்: பாட்டுக்குப் பாட்டு நடுவில் தாராளமாக. வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் சிற்றறையில் போடுங்கள்; பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பும் கிட்டார் மேல் சுருண்டு கிடக்காமல் அங்கேயே போகட்டும்.

கேள்வி (நெல்லை வாசகர்): மேட் ஃபினிஷ் கிட்டாரில் கிளிப் போட்ட இடம் மட்டும் பளபளக்கிறது. எதைத் தேய்த்தால் போகும்?

பதில்: எதைத் தேய்த்தாலும் பளபளப்பு கூடும். மேட் பூச்சின் நுண்ணிய மேடு பள்ளங்கள் உரசலில் சமமாகிவிட்டன. மறுபடி சொரசொரப்பாக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதி முழுவதையும் நைஸான ஸ்டீல் உல்லால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம்தானே, விட்டுவிடலாம்.

கேள்வி (சேலம் வாசகி): சானிடைசர் போட்ட கையோடு வாசிக்கலாமா?

பதில்: முழுக்க உலர்ந்தபின் வாசியுங்கள். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும், நைட்ரோவையும் வெளுக்க வைக்கும். அதைவிடப் பொல்லாதது டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி க்ரீம். அது காய்ந்து போகாது. முழங்கை படும் இடத்தில் பூச்சை அப்படியே இளக்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிட்டாரை எடுங்கள்.