கேடிஎம் 390 எஞ்சினுக்குச் செயினா, பெல்ட்டா, ஷாஃப்டா?

ஃபார்முலா பாரத் மாணவர் ரேஸ் கார் போட்டிக்கு, எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோக இந்த மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் செயின். எஞ்சினைக் குறுக்காக வைக்கிறீர்கள். ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஏற்கெனவே வீல்களுக்கு இணையாகத்தான் சுழல்கிறது. ஷாஃப்ட் போட்டால் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் பெவல் கியரின் எடைதான் மிச்சம். பெல்ட் அமைதியாக ஓடும், ஆனால் அகலமான புல்லி வேண்டும், ரேஷியோ (பல் விகிதம்) மாற்ற ஒவ்வொரு முறையும் புதுப் புல்லி, பெரும்பாலும் புதுப் பெல்ட்டும்.

உங்கள் உண்மையான சிக்கல் ரேஷியோ. பைக்கின் 15/45-ஐ (முன்னால் 15 பல், பின்னால் 45) அப்படியே வைக்காதீர்கள். பைக்கின் பின் டயர் விட்டம் சுமார் 61 செ.மீ.; உங்கள் 10 அங்குல ரிம்மில் ஏறும் டயர் சுமார் 46. அதாவது அந்த 45 பல், பைக்கில் 60 பல் போட்டதற்குச் சமம்! 75 மீட்டர் ஆக்சலரேஷன் ஓட்டத்தில் கியர் மாற்றியே நேரம் போய்விடும். பின்னால் 36 முதல் 40 பல்லுக்குள் இரண்டு ஸ்பிராக்கெட் செய்து, ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

இரு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல் மலிவுதான், ஆனால் ஸ்கிட்பேடில் (எட்டு வடிவ வளைவு ஓட்டம்) முன்பக்கம் வெளியே தள்ளும். பட்ஜெட் இருந்தால் வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல ஓரளவு விடும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வாங்குங்கள். அதன் மவுன்ட்டை எக்சென்ட்ரிக்காக (மையம் விலகி, திருப்பினால் முன்பின் நகரும்படி) செய்தால் செயின் தொய்வை எளிதாகச் சரிசெய்யலாம். செயின் கார்டு (செயினை மூடும் காப்பு) எஃகில், செயினைப் போல் மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும். போட்டியின் தொழில்நுட்ப ஆய்வில் அதைப் பார்ப்பார்கள்.