செம்மணல் விளை வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். முட்டத்துக்கும் ராஜாக்கமங்கலத்துக்கும் இடையே 40 சென்ட் விளை (தோட்ட நிலம்) ஒன்று விலைக்கு வருகிறது. மேட்டு நிலம். "நல்ல செம்மண் பூமி, கல்லே இல்லாத ஆழமான மண், தென்னை வைத்தால் மூன்றாம் வருஷம் காய்க்கும்" என்கிறார் புரோக்கர். கார்த்திகையில் லீவுக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன், பச்சைப்பசேல் என்று கிடந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. நிலம் மோசம் என்று சொல்லவில்லை, நீங்கள் அதை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் நனைத்துவிட்டுப் போன பிறகு கார்த்திகையில் நம் குமரி மாவட்டத்தில் எந்த விளைதான் பச்சையாக இருக்காது? மணல் நிலத்தைப் பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு மத்தியான வேளையில் பார்க்க வேண்டும். உங்களால் வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து விவரம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

முதலில் அந்தச் "செம்மண்" என்ற சொல்லைப் பார்ப்போம். தக்கலை, திருவட்டார் பக்கத்துச் செம்மண்ணும் முட்டம் பக்கத்துத் தேரி மணலும் கண்ணுக்கு ஒரே சிவப்புதான். ஆனால் தேரி என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால் சிவந்து தெரிகிறது, அவ்வளவுதான். களி மிகக் குறைவு, மக்கு (மட்கிய இலைதழை) அதைவிடக் குறைவு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்து உருட்டிப் பாருங்கள். செம்மண் என்றால் உருண்டை நிற்கும், பெருவிரலால் தள்ளினால் நாடா மாதிரி நீளும். தேரி மணல் கையை விரித்ததுமே உதிர்ந்துவிடும், உள்ளங்கை ரேகைகளில் சிவப்பு மட்டும் ஒட்டியிருக்கும். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண்ணும் மீதி தண்ணீருமாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், களி அடங்க ஒரு நாளாவது ஆகும். மறுநாள் மேலே படியும் களி விரலளவுகூட இல்லையென்றால் நீங்கள் வாங்கப்போவது மணல் நிலம். மணலுக்குரிய விலைதான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

"ஆழமான மண்" என்று புரோக்கர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதையும் ஓர் ஆளை வைத்து ஐந்தடிக் குழி எடுத்துப் பார்த்துவிடுங்கள். பாறையோ வெட்டுக்கல்லோ தட்டாமல் மணல் இறங்கிக்கொண்டே போனால் மர வேருக்கு நல்லதுதான், தண்ணீர் தேங்கி வேர் அழுகாது. ஆனால் வேருக்குத் திறந்த அதே வழியில் தண்ணீரும் உரமும் இறங்கிப் போய்விடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள மணல், செடி உறிஞ்சக்கூடிய நீராக 25 முதல் 100 மில்லிமீட்டர் வரைதான் பிடித்து வைக்கும். களிமண் 175 முதல் 250 வரை பிடிக்கும். மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினாலும் மணல் குடித்துவிடும், பத்து நாள் வெயிலில் அதைத் தொலைத்தும்விடும்.

அதனால் கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் 40 சென்டில் ஏறக்குறைய 28 தென்னை வரும். காய்க்கும் மரம் ஒன்றுக்குக் கோடையில் நாளுக்கு 60 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் தினமும் 1,680 லிட்டர். அந்த விளையில் கிணறு உண்டா, சித்திரையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, குடித்துப் பார்த்தால் உப்புக் கரிக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து விளைக்காரரிடமும் கேளுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

உரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 28 மரத்துக்குத் தொழு உரம் மட்டும் 1,400 கிலோ. மற்ற நிலத்தில் இரண்டு தடவையாக வைப்பதை மணலில் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பெருமழை அத்தனையையும் கீழே கொண்டுபோய்விடும். மூன்றாம் வருஷக் காய்ப்பு என்பது குட்டை ரகத்துக்கு, அதுவும் நல்ல பராமரிப்பில். நெட்டை ரகம் ஆறேழு வருஷம் கேட்கும்.

எங்கள் அப்பாவின் விளையும் இப்படிப்பட்ட மணல்தான், 30 சென்ட். காய்க்கத் தொடங்கிய முதல் கோடையிலேயே குரும்பை கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அப்பா நோய் என்று நினைத்து மருந்தடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு வயதான ஒரு விளைக்காரர் சொன்னபடி மரத்திலிருந்து ஆறடி தள்ளிக் குழி வெட்டி, கதம்பையை (தேங்காய் மட்டை) குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கடுக்காகப் புதைத்தார். அடுத்த கோடையில் ஓரிடத்தில் தோண்டிக் காட்டினார். கறுத்துப்போன கதம்பை பிழிந்தால் நீர் சொட்டும் ஈரத்தோடு இருந்தது, தென்னையின் நூல் வேர்கள் அதற்குள் பின்னிக் கிடந்தன. அரையடி தள்ளி இருந்த மணலோ கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு தடவை புதைத்தால் ஐந்தாறு வருஷம் தாங்கும். நீங்கள் வாங்குவதாக முடிவு செய்தால் இந்தக் கதம்பைச் செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

தென்னைதான் வைக்க வேண்டும் என்றில்லை. தண்ணீர் குறைவு என்று தெரிந்தால் அந்த மணலுக்கு இயல்பான மரம் கொல்லாமாவு (முந்திரி). 7 மீட்டர் இடைவெளியில் 40 சென்டுக்கு 33 ஒட்டுக்கன்று வரும், முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் காட்டினால் பிறகு தன்னால் நிற்கும். மரச்சீனியும் (மரவள்ளி) நன்றாக வரும், உதிரி மணலில் கிழங்கு முறியாமல் பிடுங்க வரும். நிலக்கடலை, காணம் (கொள்ளு), முருங்கை இவையும் ஒத்துவரும். விளையில் பனை நின்றால் அதை வெட்டி இடத்தை விடுவிக்கலாம் என்று எண்ணாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அதற்கும் மேலே, காற்றடிக்கும் கடற்கரை மேட்டில் மணல் பறக்காமல் பிடித்து நிற்பது அந்தப் பனைதான். தயவுசெய்து விட்டுவையுங்கள்.

பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கம், புலப்படம் என்ற வழக்கமான பட்டியலை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். இந்தக் கரையில் கூடுதலாக இரண்டு உண்டு. உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும், பின்னாளில் வீடு கட்ட அனுமதி சிக்கலாகும். இன்னொன்று, "மணலுக்கே தனி விலை கிடைக்கும்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மணவாளக்குறிச்சி கரை மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் இருப்பது ஊரறிந்தது. தனியார் கடற்கரை மணல் அள்ளுவதற்கு 2013-ல் தமிழ்நாடு அரசு தடை போட்டது. பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் அந்தக் கனிமத்தை அள்ளி விற்கும் உரிமை வந்துவிடாது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டமும் அதற்கு மக்கள் காட்டும் எதிர்ப்பும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் நிலம் பார்க்கும் வாசகர்கள் சர்வே எண்ணைச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டு மேலே போகட்டும்.

கேள்வி: என் மணல் விளையில் போட "குளத்து வண்டல்" என்று லோடு கணக்கில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மணலுக்கு வண்டலைப் போல மருந்து வேறில்லை, ஆனால் வருவது வண்டல்தானா என்று பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நானே ஏமாந்தேன். இரண்டு டிராக்டர் இறக்கிய பிறகுதான் சிமென்ட் கட்டியும் டைல்ஸ் துண்டும் தெரிந்தன, யாரோ வீட்டு அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண். பணம் திரும்பி வரவில்லை. இறக்குவதற்கு முன் ஒரு கட்டி எடுத்து நனைத்துப் பிசையுங்கள், வண்டல் கையில் வழவழவென்று ஒட்டும். பிசைந்ததை வெயிலில் வைத்தால் காய்ந்து வெடிக்கும். விவசாயத்துக்குக் குளத்து வண்டல் எடுக்க அரசே அனுமதி தருகிறது. உங்கள் தாலுகா அலுவலகத்தில் விசாரித்து நீங்களே எடுத்தால் வண்டிக்கூலியோடு முடியும்.

கேள்வி: மணல் மேட்டில் 10 சென்ட் வாங்கி வீடு கட்டுகிறோம். தண்ணீர் உடனே இறங்கிவிடுவதால் செப்டிக் டேங்க் பிரச்சினையே வராது என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: தண்ணீர் இறங்குவது உண்மை. ஆனால் கழிவுநீர் சரியாக வடிகட்டப்படும் முன்பே கிணற்று நீரோடு கலந்துவிடக்கூடும் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். உறிஞ்சுகுழி உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். 10 சென்டில் அது கொஞ்சம் நெருக்கம்தான். அதனால் வீட்டுப் பிளானைப் போடும் முன்பே கிணற்றுக்கும் குழிக்கும் இடம் குறித்துவிடுங்கள். அஸ்திவாரக் குழி தோண்டும்போது காய்ந்த மணல் பக்கவாட்டில் சரியும், பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளைக் குழிக்குள் இறக்க விடாதீர்கள்.