வளவை ஈடுவைக்காதீர்கள், பிள்ளை கட்டுரை எழுதட்டும்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிறாள். கலை படித்தால் வேலை இல்லை, கொழும்பில் தனியாரிடம் கணினிப் பட்டம் படிக்கட்டும் என்று சுவிஸிலிருந்து உங்கள் தம்பி வற்புறுத்துகிறார். அவளோ முதலாம் வருட மாணவருக்கான கட்டுரைப் பரிசுக்கு எழுதுவதாக நூலகமே கதியென்று கிடக்கிறாள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் கொழும்புப் படிப்புச் செலவுக்காக வீட்டு வளவை ஈடுவைக்கும் யோசனையை அடியோடு விடுங்கள். அது அவளுக்கென்று வைத்த வீடு. கட்டணமின்றிக் கிடைத்த அரச பல்கலைக்கழக இடத்தைக் கைவிட்டால், நினைத்தவுடன் திரும்பக் கிடைக்காது. மாமா முதல் தவணைக்குப் பணம் அனுப்புவார். கடைசி வருடம் வரை யார் கட்டுவது? கணினியில் நாட்டமே இல்லாத பிள்ளையை அதில் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆசிரியர் நியமனம், நிர்வாக சேவைப் பரீட்சை எல்லாம் நீங்கள் கேட்டுப் புளித்தவை. கட்டுரைக்கு வருகிறேன்.

பரிசுத் தொகையைப் பார்க்காதீர்கள். கூத்தைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்கிறாளாம். ‘மட்டக்களப்புக் கூத்து’ என்று பொதுவாக எழுதினால் அது தகவல் திரட்டாகவே முடியும். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். சுற்றிலும் சனம் இருந்து விடிய விடியப் பார்த்த வட்டக்களரிக் கூத்தை, 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கி மேடையேற்றினார். பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது ஆட்டத்தில் என்ன மாறியது? இந்த ஒரு கேள்வி போதும். மட்டக்களப்புக் கூத்தின் ஒரு வகையான வடமோடி ஆடிய ஓர் அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்கும் ஆசானிடம், போய்க் கேட்கட்டும். அனுமதி பெற்றுப் பதிவுசெய்யட்டும். அவர் சொன்னதும் அச்சில் உள்ளதும் முரண்பட்டால் அதை மறைக்காமல் எழுதட்டும், கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கும். பிறரிடமிருந்து எடுத்த ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டும். ஆதாரம் இல்லாத வாக்கியம், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டப்பட வேண்டும். பிறகு விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, முதல் பக்கத்தைப் புதிதாக எழுதட்டும்.

பரிசு கிடைக்காவிட்டாலும் ஆளைச் சந்தித்து, விசாரித்து, ஆதாரத்தோடு எழுதும் பழக்கம் அவளிடம் தங்கும். பத்திரிகையிலும் தொண்டு நிறுவன அறிக்கையிலும் ஆய்விலும் நடக்கும் வேலை இதுதான். நேர்முகத்தேர்வில் எடுத்துக் காட்ட அவள் கையில் ஓர் ஆக்கமும் இருக்கும்.

அவளுக்கு உண்மையில் குறைவது ஆங்கிலம். தம்பி உதவ விரும்பினால் மட்டக்களப்பிலேயே ஓர் ஆங்கில வகுப்புக்குக் கட்டட்டும், முடிந்தால் மடிக்கணினி ஒன்றும் வாங்கித் தரட்டும். கட்டுரையின் சுருக்கத்தை அவளே ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம். கட்டுரையைக் கையளிக்கும் நாள் வரை கொழும்புப் பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள்.