மறைக்கவேண்டியது யாரை?

மதிப்பிற்குரிய ஐயா,

சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளருக்குப் போகும் பிரதியில் என் அடையாளம் தெரிகிறதாம், நீக்கிவிட்டு மறுபடி அனுப்பலாமாம். முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். வேறெங்கே தெரிகிறது என்று புரியவில்லை. நெறியாளரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

என்னுடையது அதிகம் பேர் கேள்விப்படாத கல்லூரி. அது தெரிந்தால் படிக்காமலேயே தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எழுத்துரு, மேற்கோள் முறை எல்லாம் எவ்வளவு முக்கியம்? எத்தனை நூல்களை மேற்கோள் காட்டவேண்டும்? நேரம் மிச்சமாகும் என்பதால் இரண்டு இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன். பதிலை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

பெயரை மட்டும் அல்ல, கடிதத்தில் இருந்து இன்னும் சில வரிகளையும் எடுத்துவிட்டேன். உங்கள் நெறியாளரின் சிறப்புத்துறை, நீங்கள் முன்பு வேலை பார்த்த இடம், களப்பணி நடந்த ஆண்டு ஆகிய மூன்றும் போய்விட்டன. பெயர் இல்லாமலேயே அந்த மூன்றை வைத்து உங்கள் துறையில் இருக்கும் யாரும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏன் இதை முதலிலேயே சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

கூச்சப்பட ஒன்றும் இல்லை. இந்தக் காரணத்துக்காகத் திரும்பி வருவது நிராகரிப்பே அல்ல. கட்டுரையை யாரும் இன்னும் எடைபோடவில்லை. உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன். உங்கள் அடையாளம் நாலு இடத்தில் தெரிகிறது. முதல் அடிக்குறிப்பில் நெறியாளருக்கும் கல்லூரிக்கும் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். ஆய்வுமுறைப் பகுதியில் எந்தக் கல்லூரியின் அறநெறிக் குழு அனுமதி தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘என் முந்தைய கட்டுரையில் காட்டியதுபோல’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் உங்கள் பெயரையே போட்டிருக்கிறீர்கள். நாலாவது, வேர்டு கோப்பின் பண்புகளுக்குள் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. நன்றியும் அனுமதி விவரமும் தனித் தலைப்புப் பக்கத்துக்குப் போகட்டும். உங்கள் பழைய கட்டுரையை வேறு யாரோ எழுதியதுபோலப் படர்க்கையில் சுட்டுங்கள். சில இதழ்கள் அதையும் மறைத்து ‘ஆசிரியர்’ என்று மட்டும் போடச் சொல்லும், அந்த இதழின் வழிகாட்டுதலைப் பாருங்கள். கோப்புக்குள் இருப்பதை நீக்க வேர்டிலேயே ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்று ஒரு வசதி உண்டு. ஓரத்துக் குறிப்புகளிலும் திருத்தத் தடங்களிலும்கூடப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றையும் பாருங்கள்.

கல்லூரி பற்றிய பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். 1982-இல் பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். புகழ்பெற்ற அமெரிக்கத் துறைகளைச் சேர்ந்தவர்கள் எழுதி, ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் யாரும் கேள்விப்படாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். மூன்று கட்டுரைகளை இதழ்க்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. அச்சேறிய அதே கட்டுரைகளில் பலவற்றுக்கு ‘ஆய்வுமுறையில் கடுமையான குறைபாடு’ என்று காரணம் சொன்னார்கள். அந்தச் சோதனையைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது, எல்லாவற்றையும் முகவரிதான் தீர்மானித்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கட்டுரையாசிரியர், மதிப்பீட்டாளர் இருவர் பெயரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கும் முறை உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கவசம். அதை முழுதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துரு பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. இதழ் என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். மேற்கோள் முறையும் அப்படியே, ஏபிஏ என்றால் ஏபிஏ, சிகாகோ என்றால் சிகாகோ. எத்தனை நூல் என்பது ஒரு கேள்வியே அல்ல. இரண்டு இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பக்கூடாது. அனுப்பும்போதே ‘இது வேறெங்கும் பரிசீலனையில் இல்லை’ என்று உறுதி தருகிறீர்கள், பொய் உறுதி தராதீர்கள். மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் தங்கள் நேரத்தைத் தருகிறவர்கள்.

சரி. இப்போது நான் உண்மையில் எழுத நினைத்ததற்கு வருகிறேன். உங்கள் கட்டுரையின் பதினோராம் பக்கம்.

அந்தப் பத்தியை இங்கே அப்படியே போட முடியாது. தொழில், வயது, பதவி எல்லாவற்றையும் மாற்றி அதன் வடிவத்தை மட்டும் தருகிறேன்: ‘மலர் (புனைபெயர்), 52 வயது, கணவரை இழந்தவர், அந்த ஆலையின் முதல் பெண் கண்காணிப்பாளர், தொழிற்சங்கத்தின் முன்னாள் பொருளாளர்.’ அடுத்த வரியில் மலர் தன் மேலதிகாரியைப் பற்றிச் சொன்னது வருகிறது. அவருடைய வேலைக்கே உலைவைக்கக்கூடிய ஒரு சொல்.

ஓர் ஆலைக்கு எத்தனை முதல் பெண் கண்காணிப்பாளர்கள் இருக்க முடியும்? உங்கள் பெயர் கோப்பின் பண்புகளில் ஒளிந்திருந்ததற்கு இவ்வளவு பதறினீர்கள். இந்தப் பெண்ணை நட்டநடுவில் நிறுத்திவைத்து, தலையில் ‘மலர்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பெயர் வெளியே தெரிந்தால் கட்டுரை திரும்பி வரும், அவ்வளவுதான். அவர் பெயர் தெரிந்தால்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். இந்தக் கோபம் பழையது. சின்ன வயதில் ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தில் நேர்காணல் ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதித் தரும் வேலை பார்த்தேன். எந்த ஆய்வு, யார் நடத்தியது என்பதைச் சொல்லமாட்டேன். அதில் பேசியவர்களில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அம்மா ஒருவர். எதைச் சொன்னாலும் கடைசியில் ‘எழுதுற கைக்கு என்ன தெரியும், சொல்ற வாயைக் கேளுங்க’ என்று முடிப்பார். ஒலிநாடாவில் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன். கட்டுரை வெளியானபோது அவருக்கு வேறு பெயர், அலுவலகத்துக்கு வேறு பெயர். வயதைக்கூட மாற்றியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் அழகாக இருக்கிறது என்று தலைப்பிலேயே வைத்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளில் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். கட்டுரையின் நகலோடு என்னைத் தேடி வந்தார். திட்டத்தில் அவருக்கு முகம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பக்கங்களைப் புரட்டி, ‘இதுல இன்னும் எங்கெல்லாம் நான் இருக்கேன்னு காட்டுங்க தம்பி’ என்றார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒவ்வொரு இடமாகப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் கேட்டதற்கு அதுதான் பதில், வேறென்ன செய்வது.

இது எங்கோ ஒரு முறை நடந்த விபத்து அல்ல. 1958-இல் விடிச், பென்ஸ்மன் என்ற இருவர் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். ஊருக்கு ஸ்பிரிங்டேல் என்று புனைபெயர், ஆட்களுக்கும் புனைபெயர். ஊர்க்காரர்கள் படித்ததும் யார் யார் என்று தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகு வந்த ஜூலை 4 ஊர்வலத்தில் முகமூடி போட்டுக்கொண்டு, நூலில் தங்களுக்குத் தரப்பட்ட புனைபெயர்களை மாட்டிக்கொண்டு வண்டிகளில் போனார்கள். கடைசியாக வந்த சாணி உர வண்டியில் விடிச்சின் உருவபொம்மை, உரத்தைப் பார்த்துக் குனிந்தபடி. இன்றும் ஆய்வறம் கற்பிக்கும் வகுப்புகளில் இதைச் சொல்கிறார்கள். மாணவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

வெளியாட்கள் கண்டுபிடிப்பது ஒன்று, உடன் இருப்பவர்கள் கண்டுபிடிப்பது வேறொன்று. சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004-இல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டாவதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். உங்கள் கட்டுரையைப் படிக்கும் வேற்று நாட்டுப் பேராசிரியருக்கு மலர் யார் என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை. மலரின் மேலதிகாரிக்குத் தெரியும், பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியும். அவரைப் பாதிக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். ஆகவே ஒவ்வொரு பத்தியையும் அவர்களுடைய கண்ணால் படியுங்கள். மதிப்பீட்டாளரின் கண் அதற்கு உதவாது.

அப்புறம் உங்கள் பின்னிணைப்பு அட்டவணை. ஒரு வரிசைக்கு ஒரு ஆள் என்று வயது, பாலினம், சாதி, பதவி, பணிக்காலம். கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டார். அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி மூன்றும் தெரிந்தால் போதும், அமெரிக்க மக்கள்தொகையில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். ஒரு நாட்டுக்கே மூன்று தகவல் போதும் என்றால், நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் இடத்துக்கு நீங்கள் ஐந்து தருகிறீர்கள். அட்டவணையை உடையுங்கள். வயதைப் பத்தாண்டுத் தொகுதிகளாக்குங்கள். எத்தனை பெண்கள், எத்தனை பேர் பத்தாண்டுக்கு மேல் பணியில் இருக்கிறார்கள் என்று மொத்தமாகச் சொல்லுங்கள். தனி ஆளுக்குத் தனி வரிசை வேண்டாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மலர் ஆறாம் பக்கத்தில் தன் மகனின் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் பழைய வேலைநிறுத்தத்தைப் பற்றி. பதினொன்றில் மேலதிகாரியைப் பற்றி. முதல் இரண்டும் தனித்தனியே யாரையும் காட்டிக்கொடுக்காது. ஒரே புனைபெயரின் கீழ் வருவதால் மூன்றும் ஒன்றாகக் கோத்துக்கொள்கின்றன. மகனை வைத்து ஆளைப் பிடித்தவர், மேலதிகாரி பற்றிய வாக்கியத்தையும் அவர் தலையில் கட்டிவிடுவார். ஆபத்தான வாக்கியத்துக்குப் புனைபெயரே வேண்டாம். ‘ஒரு கண்காணிப்பாளர்’ என்றும் வேண்டாம், ‘ஓர் ஊழியர்’ போதும்.

‘விவரத்தை எல்லாம் எடுத்துவிட்டால் சமூகவியலில் என்ன மிஞ்சும்’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் வாதத்தையே எடுத்துப் பாருங்கள். பதவி உயர்ந்த பெண்கள் மேலே உள்ளவர்களிடம் பேச இன்னும் அதிகமாக அஞ்சுகிறார்கள் என்கிறீர்கள். நல்ல வாதம், இதுவரை படித்ததில் உங்களுடையதாக எனக்குப் பட்ட ஒன்று. அதற்கு மலர் கண்காணிப்பு நிலையில் இருக்கும் பெண் என்பது வேண்டும், மேலதிகாரி பற்றிய அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அதுவும் வேண்டாம். முதல் பெண் என்பது வேண்டாம். கணவரை இழந்தவர், முன்னாள் பொருளாளர் என்பதற்கெல்லாம் வாதத்தில் ஒரு வேலையும் இல்லை. களத்தில் கிடைத்தது, விட மனசு வரவில்லை, எழுதிவிட்டீர்கள். வாதத்துக்கு வேலை செய்யாத ஒவ்வொரு விவரத்தையும் எடுங்கள், அதற்குப் பிறகும் ஆள் தெரிந்தால் மாற்றுங்கள். மாற்றியது வாதத்தைத் தொடாததாக இருக்கவேண்டும். சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன என்று ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரி சொல்லுங்கள், எவை என்று சொல்லவேண்டாம். மதிப்பீட்டாளர் ‘தகவலாளிகளைப் பற்றி இன்னும் விரிவாக’ என்று கேட்பார். அநேகமாகக் கேட்பார். ஏன் தரமுடியாது என்று பதில் கடிதத்தில் எழுதி மறுத்துவிடுங்கள். தெளிவான காரணம் இருந்தால் நல்ல இதழாசிரியர் ஏற்றுக்கொள்வார். ஏற்காவிட்டால் வேறு இதழைப் பாருங்கள்.

தன் பெயரோடுதான் வரவேண்டும் என்று கேட்கும் தகவலாளிகளும் உண்டு. அது அவர்கள் முடிவு. என்ன வெளியாகப்போகிறது என்று காட்டிய பிறகு எடுக்கும் முடிவாக அது இருக்கவேண்டும். உங்கள் ஒப்புதல் படிவத்தில் ‘அடையாளம் வெளியிடப்படாது’ என்று இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு அது.

இந்த வாரமே மலரிடம் போங்கள். அந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவருடைய மொழியில். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், கட்டுரை இன்னும் நிற்கும். முன்னால் அனுப்பிய கோப்பு இதழின் அமைப்பில் அப்படியே இருக்கக்கூடும். புதிய பிரதியை அனுப்பும்போது, தகவலாளியின் பாதுகாப்புக்காகப் பழைய கோப்பை நீக்கும்படி இதழாசிரியருக்கு எழுதுங்கள். நானும் நீங்கள் அனுப்பியதை அழித்துவிட்டேன். திருத்தி முடித்ததும் சுருக்கத்தையும் முன்னுரையையும் மட்டும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். பதினோராம் பக்கம் எனக்கு வேண்டாம்.

அன்புடன்.