முதலில் கூரையை அளந்து பாருங்கள்

கேள்வி: கிளப்பில் சீட்டாட்ட அறை சும்மா கிடக்கிறது. அதை கோல்ஃப் சிமுலேட்டர் அறையாக்க, அதாவது திரையில் மைதானம் தெரிய, அதன் மேல் நிஜப் பந்தை அடித்து ஆடும் அறையாக்க, 15 லட்சம் ஒதுக்கி, கருவிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம். கூரை 9 அடி, நடுவில் ஒரு பீம். போதுமா? - கமிட்டி உறுப்பினர், கோவை

பதில்: பணத்தைக் கொடுத்துவிட்டு அளவு கேட்கிறீர்கள். சரி, பீமுக்குக் கீழே எத்தனை அடி? அதை எழுதவில்லை, கணக்கே அதுதான். 9 அடி இழுபறி, 10 அடி இருந்தால் நிம்மதி. கிளப்பிலேயே உயரமானவரைக் கூப்பிட்டு, பந்து வைக்கப்போகும் இடத்தில் நிறுத்தி, டிரைவர் என்ற நீளமான கோல்ஃப் கோலை மெதுவாகச் சுழற்றச் சொல்லுங்கள். அந்தக் கோல் கிட்டத்தட்ட 45 அங்குலம். பீமில் இடித்தால் அந்த அறையை மறந்துவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் என்றால் ஒரு பலகையைக் கழற்றிப் பாருங்கள், மேலே ஒரு அடி ஒளிந்திருக்கலாம். வலக்கை, இடக்கை இரண்டு பேரும் நடுவில் நின்று அடிக்க அகலம் 15 அடி வேண்டும். எங்களிடம் இடக்கைக்காரர் இல்லை என்று எழுதாதீர்கள், அடுத்த மாதம் ஒருவர் சேருவார்.

கேள்வி: அறை நீளம் 16 அடி. பந்தின் போக்கை அளக்கும் கருவி ரேடாரா, கேமராவா? - ஊட்டி

பதில்: கேமரா. ரேடார் பந்துக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி உட்காரும். பந்திலிருந்து திரைக்கு 10 அடி, திரைக்குப் பின்னால் ஒரு அடி போனால் உங்களிடம் மிச்சம் 5.

கேள்வி: கொட்டேஷனில் "சாஃப்ட்வேர் முதல் ஆண்டு இலவசம்" என்று போட்டிருக்கிறார்கள். நல்ல ஆஃபர்தானே? - மதுரை

பதில்: இந்த "முதல் ஆண்டு இலவசம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். என் வீட்டு வாட்டர் ப்யூரிஃபையரை அப்படித்தான் வாங்கினேன், இரண்டாம் ஆண்டு வந்த ஆள் ஃபில்டருக்குச் சொன்ன விலையில் இன்னும் கொஞ்சம் போட்டால் புது மெஷினே வந்திருக்கும். சிமுலேட்டரிலும் அதே கதை. கருவியை முழுப்பணம் கொடுத்து வாங்கியிருப்பீர்கள், ஆனால் சந்தாவை நிறுத்தினால் பல கருவிகளில் மைதானங்கள் மறைந்துபோய், வெறும் பந்தடிப் பயிற்சி மட்டும் மிஞ்சும். அதனால் ஐந்து ஆண்டுச் சந்தாவையும் சேர்த்துக் கூட்டி, அதைத்தான் விலை என்று கமிட்டியில் சொல்லுங்கள். கூடவே திரை, பக்கவாட்டு வலை, கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர், ஏசி, வயரிங் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். "இதர செலவு" என்று ஒரே வரி போட்ட கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். பந்து வைத்து அடிக்கும் செயற்கைப் புல் விரிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கட்டியான விரிப்பில் அடித்து முழங்கை வலி வந்தால் உறுப்பினர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

கேள்வி: திரை நான்கே மாதத்தில் பொத்தல். ஓராண்டு வாரண்டி என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர், இப்போது "தேய்மானம்" என்கிறார். - கிளப் பொருளாளர், சென்னை

பதில்: உங்கள் மேல் தப்பில்லை ஐயா, கூச்சப்படாதீர்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பில்லும் கிழிசல் படமும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வெளியாளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் "வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும், ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுப் போங்கள். புதுத் திரை வந்ததும் சிராய்த்த பழைய பந்துகளை அறைக்குள் விடாதீர்கள், அவைதான் துணியை அறுக்கும்.

கேள்வி: திரைக்குப் பதில் கனமான கர்ட்டன் போதாதா?

பதில்: போதாது. 46 கிராம் பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

கேள்வி: ஆன்லைனில் 8 ஆயிரத்துக்கு ப்ரொஜெக்டர், 9000 லூமென்ஸ் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஆன்சி லூமென்ஸ், அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்சம், எத்தனை என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள். அந்தக் கணக்கில் 3000-க்குக் குறையக்கூடாது, திரைக்குப் பக்கத்திலிருந்தே பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோவாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடுபவரின் நிழல் 18 குழிக்கும் கூடவே வரும். நான் வாங்கியது பரணில் கிடக்கிறது. யாராவது வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.