வாங்குற ஆள் ஆர்?

கேள்வி: அமெரிக்காவின்ர என்பிஏ பாஸ்கெட்போலில பிலடெல்பியா செவன்டிசிக்சர்ஸ் டீம் அவங்கட ஸ்டார் ஜோயல் எம்பீட்ட இன்னும் வச்சிருக்கிறது விசர் வேலை இல்லையா? 30 தாண்டியாச்சு, எப்ப பாத்தாலும் முழங்கால் பிரச்சினை. விடிய அஞ்சரைக்கு அலாம் வச்சு எழும்பினா மனுசன் கோட் சூட்டோட பெஞ்சில இருக்கிறார். பேசாம வேற டீமுக்கு ட்ரேட் பண்ணிட்டு, மாத்தி ரெண்டு இளம் பொடியள எடுக்கலாமே?
- ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: விக்கலாம் தம்பி, வாங்குற ஆள நீங்க கூட்டிக்கொண்டு வாங்கோ.

உங்கட கோவம் விளங்குது. 82 மெட்ச் உள்ள சீசனில மனுசன் ஆடினது 2023-24 ல 39, அடுத்த வருசம் வெறும் 19. ஆனா ட்ரேட் எண்டா ஏதோ பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துக் குடுக்கிற மாதிரியெல்லோ கதைக்கிறீங்க. 2025-26 க்கு ஒரு டீமின்ர சம்பள வரம்பு 154 மில்லியன் டொலர் சொச்சம், அதில எம்பீட் ஒராளுக்கே 55 மில்லியன், வரம்புக்கு மேல நிக்கிற டீம் அவர எடுத்தா கிட்டத்தட்ட அதேயளவு சம்பளக்காரர திருப்பி அனுப்பவேணும், அப்ப வரப்போறது நீங்க கனவு காணுற இளம் பொடியள் இல்ல, அவங்கள் தலைமுழுக நினைக்கிற இன்னொரு கொன்ட்ராக்ட்தான். அதுக்கு மேல ஃபெர்ஸ்ட் ரவுண்ட் பிக், அதாவது புதுப் பொடியள தெரிவு செய்யிற ட்ராஃப்டில முதல் சுத்தில ஆள் எடுக்கிற உரிமை, அதையும் வேற கேப்பாங்கள். சீதனம் குடுத்து அனுப்பிற கதை.

எங்கட லேனில ஒரு அங்கிள், வாகன இறக்குமதிய நிப்பாட்டி வச்சிருந்த காலத்தில அவற்ற பழைய கொரொல்லாவுக்கு ஆக்கள் வீடு தேடி வந்து விலை கேட்டவை, மனுசன் குடுக்கேல்ல. இப்ப எஞ்சின் கழட்டிக் கிடக்கு, அவரே ஃபோன் போட்டு கேக்கிறார், தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டு.

பொஸ்டன்காரர் 2013 ல செய்தத பாருங்கோ. போல் பியர்ஸ் அங்க 15 சீசன் விளையாடின மனுசன், கெவின் கார்நெட்டும் அவரும் சேந்து 2008 ல கப் வாங்கிக் குடுத்தவை. ஒராளுக்கு 35, மற்றாளுக்கு 37, ஆனா இன்னும் விளையாடிக்கொண்டு இருக்கேக்கயே புரூக்ளின் டீமுக்கு குடுத்திட்டாங்கள். ரசிகர்மாருக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும். அப்ப வாங்கின ட்ராஃப்ட் உரிமையளாலதான் ஜெய்லன் பிரவுணும் ஜேசன் டேட்டமும் வந்தவை, 2024 ல கப்பும் வந்தது.

பிலடெல்பியா என்ன செய்தது? 2024 ஜனவரியில எம்பீட் ஒரே மெட்சில 70 பொயின்ட் அடிச்சார், ஒரு கிழமையில இடது முழங்கால் போச்சு, ஒபரேஷன். அந்த முழங்காலோடயே சீசன் முடிய கப்புக்காக நடக்கிற ப்ளேஓஃப் ஆடினார், நியூயோர்க்குக்கு எதிரா 50 பொயின்ட் கூட அடிச்சார், எண்டாலும் முதல் ரவுண்டிலயே வீடு. இவ்வளவும் கண்ணுக்கு முன்னால நடந்த பிறகு, அந்த செப்டம்பரிலயே இன்னும் 3 வருசம், 193 மில்லியன் எண்டு 2028-29 வரைக்கும் எழுதிக் குடுத்தாங்கள். நீங்க இப்ப கேக்கிறத அண்டைக்கு கேட்டிருக்கவேணும்.

கோல்டன் ஸ்டேட் டீமின்ர ஸ்டீபன் கறி 2019-20 ல 5 மெட்ச்தானே ஆடினவர், பிறகு 34 வயசில ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது ஃபைனல்ஸின்ர சிறந்த ஆட்டக்காரர் விருது, எடுக்கேல்லையா எண்டு இன்னொரு ஆள் எழுதுவார், எனக்கு தெரியும். கறிக்கு உடைஞ்சது கை. எலும்பு பொருந்தினா சரி. இது 7 அடி, 127 கிலோ உடம்ப தாங்குற முழங்கால், உள்ளுக்க இருக்கிற சவ்வு கிழிஞ்சா எலும்பு மாதிரி லேசில பொருந்தாது.

அப்ப வச்சிருக்கவேண்டியதுதான். பாசத்தால இல்ல, வேற வழி இல்லாததால. டீம டைரீஸ் மெக்ஸியின்ர கையில குடுக்கட்டும், 2020 ட்ராஃப்டில 21 ஆவது ஆளா எடுத்த பொடியன், இப்ப அவன்தான் ஓட்டம். எம்பீட்ட அடுத்தடுத்த நாள் மெட்ச் ரெண்டிலயும் இறக்கவேண்டாம், கிடைக்கிறது போனஸ் எண்டு வையுங்கோ. கொன்ட்ராக்ட் முடிய ஒரு வருசம் இருக்கேக்க ஆரும் வந்து விலை கேப்பாங்கள், அப்ப பாப்பம்.

மற்றது, ஆருக்கு காயம், ஆர் ஆடமாட்டினம் எண்டு சொல்லுற இஞ்சரி ரிப்போர்ட் எண்டு ஒண்டு முதல்லயே போடுறவங்கள். படுக்க முதல் அத பாத்திட்டு அலாம வையுங்கோ.